ஜீவரத்தினம் என்று மூன்று இடத்தில்

சித்தூர், 9 ஆகஸ்டு 1987, ஞாயிறு

முதலில் ஒரு தவறு. வெள்ளிக்கிழமை ஹிந்தி வகுப்பில் கொடுத்த கட்டுரையில் மாமாவின் பெயரை மூன்று இடங்களில் ‘ஜீவரத்தினம்’ என்று எழுதிவிட்டேன். ‘ரங்கன்’ என்று எழுதியிருக்க வேண்டும். அல்லது பெயரே போடாமல் ‘என் அக்காள் கணவர்’ என்று விட்டிருக்கலாம். இன்று காலை ஆராதனையில் இரண்டாம் பாட்டு பாடும்போதுதான் நினைவு வந்தது. சிறிய தவறுதான். லட்சுமம்மா டீச்சர் மட்டும்தான் நோட்டைப் பார்ப்பார்கள். சிவப்பு மையில் திருத்திவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இரண்டு பெயர் ஏன் என்று ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் எனக்கு எதுவும் தெளிவாகிறது.

மாமா வெதுருகுப்பத்துப் பக்கம். பள்ளியில் சேர்த்தபோது, கிறிஸ்தவன் என்று எழுதினால் எஸ்.சி. சலுகை எதுவும் கிடைக்காது என்று ஹெட்மாஸ்டரே சொல்லி, ‘ரங்கன், ஹிந்து’ என்று எழுதிக்கொண்டார். சபைப் பதிவேட்டில் ஜீவரத்தினம். இன்று வரை அப்படியே. அலுவலகத்தில் ரங்கன், வீட்டிலும் சபையிலும் ஜீவரத்தினம். அக்காளுக்கும் அப்படித்தான். மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பு ஓலை வாசித்துக் கலியாணம் ஆனது ஞானசௌந்தரிக்கு. மாமாவின் அலுவலகக் காகிதங்களில் மனைவி பெயர் பொன்னியம்மா. மதம் மாறினால் சர்டிபிகேட்டில் சாதி போய்விடுகிறது. ஊரில் போகவில்லை. வெதுருகுப்பத்து டீக்கடையில் மாமாவின் அப்பாவுக்குக் கடைசி வரை தனி கிளாஸ்தான்.

எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சபையில் உபதேசியார். எனக்கும் அப்படி எழுதலாம் என்று யாரோ சொன்னபோது, “ஒரு பேருக்கே பதில் சொல்ல முடியலடா எனக்கு” என்று மறுத்துவிட்டார். அதனால் எனக்கு ஒரே பெயர், நேசகுமார். பகலில் ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கிறேன். மாலையில் ஹிந்தி படிக்கிறேன். அக்காள் வீட்டில் இருக்கிறேன்.

இனி இன்றைய தொடர். ஞாயிறு பதினொரு மணிக்கு வரும் ஹிந்தித் தொடர். எங்கள் தெருவில் அதற்கு ‘உளவு சீரியல்’ என்று பெயர். டெல்லியிலிருந்து ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் எதிரி நாட்டு நகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கலியாணம் ஆகவில்லை. காகிதத்தில்தான் புருஷன் பெண்டாட்டி. தையல் கடை வைத்திருக்கிறார்கள்.

10.40: வேத வசன காலண்டரை இறக்கிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். அதே ஆணியில் ஏழுமலையான் காலண்டரை மாட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் இது என் வேலை. மாமாவின் அலுவலகத்தில் கூட வேலை செய்யும் கோவர்த்தனனும் அவர் மனைவி அம்சவேணியும் தொடர் பார்க்க வருவார்கள். அவர்கள் வீட்டில் டி.வி. இல்லை. வரவேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேள்வி வரும்.

இன்று கதையில் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான ஜுரம். நினைவில்லாமல் தன் சொந்தப் பாஷையில் பிதற்றுகிறாள். கதவருகே வீட்டுக்காரி நிற்கிறாள். அவன் இவள் வாயைக் கையால் அழுத்திப் பொத்துகிறான்.

“அடப்பாவி, ஜுரத்துல கெடக்கறவ வாயப் பொத்தறானே!” என்றார் லோயிஸ் அம்மா. பக்கத்து வீடு, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“வேற இன்னா பண்ணுவான்? அவ பேசினா ரெண்டு பேர் தலையும் போயிடும்,” என்றார் அம்சவேணி.

“தலை போவட்டும். கலியாணம் ஆவாம ஒரே ரூம்ல படுத்துக்கினு கீதுங்களே, அதைக் கேக்க ஆளில்ல. மூணு ஓலை படிச்சாங்களா, இன்னா?”

சொன்ன பிறகுதான் லோயிஸ் அம்மாவுக்கு உறைத்தது. கோவர்த்தனன் திரும்பிப் பார்த்து, “ஓலைன்னா இன்னாம்மா?” என்றார்.

“எங்க பக்கத்துல கலியாணத்துக்கு முன்னாடி ஊர்ல சொல்லி வெப்பாங்கப்பா, அது. நீ டி.வி.யப் பாரு.”

எல்லோரும் சிரித்தோம். அக்காள் சிரிக்கவில்லை. வாரம் முழுவதும் தொடரைப் பற்றிப் பேசாதவள், ஒவ்வொரு வாரமும் முடியும்போது ஒரு கேள்வி கேட்பாள். இன்று கேட்டது: “தனியா இருக்கும்போது அதுங்க ரெண்டும் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கும்?”

பதில் சொல்ல வேண்டியது நானா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஹிந்தி படிப்பவன் நான் ஒருவன்தான்.

11 ஆகஸ்டு, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

கட்டுரைத் தலைப்பு ‘எங்கள் வீட்டில் தொலைக்காட்சி’. கற்பனை வேண்டாம், நடந்ததை எழுதுங்கள், உண்மையான பெயர்களைப் போடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னபடி செய்தேன். தொடரைப் பார்ப்பவர்களை மூன்றாகப் பிரித்து எழுதினேன். சிரிப்பவர்கள், கோபப்படுகிறவர்கள், பேசாமல் இருப்பவர்கள். ‘ஆராதனை முடிந்து வந்ததும் ஜீவரத்தினம் மாமா பெட்டியைப் போடுவார். அந்த இருவரும் பெயர் மாறிக் கூப்பிட்டுக்கொள்ளும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஜீவரத்தினம் மாமா சிரிப்பதில்லை. மாமாவுக்கு அவர்கள் கஷ்டம் தெரியும்.’ இப்படிப் போகிறது. இந்தக் கடைசி வரியை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏழு மணி வகுப்பு. டீச்சர் என் நோட்டைக் கையில் எடுத்து, “இதான் கட்டுரை. இலா ராயண்டி, இப்படி எழுதுங்க எல்லாரும்,” என்று சொல்லி வாசிக்கத் தொடங்கினார்கள்.

நான் எழுந்து நின்றேன். “டீச்சர், அது சரியா எழுதல. மறுபடி எழுதித் தரேன்.”

“கூச்சோ நாயனா, உக்காரு. அடக்கம் போதும்.”

முப்பது பேர் வகுப்பு. அரசு வேலையில் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர் ஹிந்திப் பரீட்சைக்காக வருகிறார்கள். அதில் கோவர்த்தனனும் ஒருவர். வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. இன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் ‘ஜீவரத்தினம்’ வந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவதில் பார்த்தேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுரையைத் திருப்பதிக்குப் போட்டிக்கு அனுப்பப் போவதாக டீச்சர் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே கோவர்த்தனன், “நல்லா எழுதற தம்பி. இவ்ளோ நல்லா எழுதுவேன்னு தெரியாது,” என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் சொல்லவில்லை.

16 ஆகஸ்டு, ஞாயிறு

10.40: காலண்டரை மாற்றினேன். இனி மாற்றி என்ன பயன் என்று தோன்றியது. ஆனாலும் மாற்றினேன்.

வழக்கம்போல் கோவர்த்தனனும் அம்சவேணியும் வந்தார்கள். அம்சவேணி முறுக்குக் கொண்டுவந்தார். “பொன்னிக்கா, உப்பு கொஞ்சம் தூக்கலாப் பூடுச்சி. துன்னு பாத்துட்டுத் திட்டு,” என்றார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

இன்று கதையில் பக்கத்துக் கடைக்காரன் அவர்களைக் கவனிக்கிறான். எந்தக் கேள்வியும் கேட்காமல் கவனிக்கிறான்.

“இவன் இன்னா முட்டாளா?” என்றார் கோவர்த்தனன், திரையைப் பார்த்தபடியே. “ரெண்டு வருஷமா பாத்துக்கினு கீறான். தெரியாமலா இருக்கும்?”

“தெரிஞ்சுதான் சும்மா கீறான் போல,” என்றார் அம்சவேணி. “நல்லவன்.”

“எத்தினி நாளைக்கு நல்லவனா இருப்பான்?”

“அதெல்லாம் இருப்பான். நீ இருக்க மாட்டியா?” என்றார் லோயிஸ் அம்மா.

கோவர்த்தனன் முறுக்கைக் கடித்தார். மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். தொடர் முடியும்வரை திரும்பி வரவில்லை.

மாலை நான்கு மணிக்குச் சொன்னேன். மாமா வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார். அடுத்த மாதம் சீனியர் அசிஸ்டெண்ட் பதவி ஒன்று காலியாகிறது, அது எஸ்.சி. இடம், பட்டியலில் முதல் பெயர் ரங்கன், இரண்டாவது பெயர் கோவர்த்தனன் என்றார். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் சாப்பிடுகிறேன்.

“அப்ப ப்ரமோஷன் பூடுமா மாமா?”

“ப்ரமோஷனா? பொய் சர்டிபிகேட்டுன்னு சொன்னா வேலையே பூடும்டா. கேஸும் போடுவான்.”

அக்காள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு நேசா. பொறாமையா? உனக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைச்சதுன்னா?”

இல்லை என்றேன். ஆனால் இப்போது இதை எழுதும்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவன். அச்சகத்தில் பக்க எண் மாறி ஒரு புத்தகம்கூடத் தைத்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரே பெயரை மூன்று இடத்தில் எப்படி விட்டேன்?

19 ஆகஸ்டு, புதன்

அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டுத் திருப்பதி போனேன். காலை ரயில். பாகாலாவில் கூட்டம் ஏறியது. மொட்டை அடித்துக்கொள்ளப் போகிறவர்களும், வேண்டுதல் முடிக்கப் போகிறவர்களும். எதிரே இருந்த பெரியவர், “கொண்டகா?” என்று கேட்டார். மலைக்கா என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் மகிழ்ச்சியாகத் தன் பேரனுக்கு வந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டினேன்.

கட்டுரைகள் வாங்கி வைக்கும் அலுவலகம் ஒரு மாடி அறை. அங்கிருந்த குமாஸ்தா அம்மா வாதாடவே இல்லை. ஒரு மணி நேரம் வாதாடத் தயாராகப் போயிருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கூடக் கொண்டுபோயிருந்தேன். “போட்டி வேணாம்னா எடுத்துக்கினு போப்பா. ஒரு கையெழுத்துப் போடு,” என்று நோட்டைத் தந்துவிட்டார். கையெழுத்துப் போடும் புத்தகத்தை நகர்த்திக்கொண்டே, “அப்படி இன்னா எழுதின? நேத்துக்கூட உங்க வகுப்புன்னு ஒருத்தர் வந்து உக்காந்து, முழுசும் காப்பி எழுதிக்கினு போனாரு,” என்றார்.

என் கையெழுத்துக்கு மேல்வரியில் கோவர்த்தனன் பெயர் இருந்தது. 18.8.87. சுத்தமான கையெழுத்து.

கோயில் பக்கம் போகாமல் நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன். அசல் என் பையில் இருந்தது. திரும்பும் வழி முழுவதும் அதைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. நகல் அவரிடம் இருக்கும்போது அசலைக் கிழித்தால் இன்னும் மோசமாகுமோ என்று பயம்.

30 ஆகஸ்டு, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மாமாவுக்கு அலுவலகத்தில் மெமோ வந்தது. தெலுங்கில் ஒரு பக்கம். சாதிச் சான்று பற்றிப் புகார் வந்திருக்கிறது. செப்டம்பர் 8, செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. மனைவியும், கட்டுரை எழுதிய நேசகுமார் என்பவரும் சாட்சியாக வரவேண்டும். என் பெயர் ஒரு அரசாங்கக் காகிதத்தில் வந்தது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிறு போலவே இன்றும் கோவர்த்தனன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. தொடர் முடிந்ததும் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவர் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“வா தம்பி. நான்தான் எழுதினேன். மொட்டைக் கடுதாசி இல்ல, பேர் போட்டுத்தான் எழுதினேன். அதைத்தானே கேக்க வந்த?”

என்ன கேட்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. “ஒரு வருஷமா எங்க வீட்ல வந்து உக்காந்து டி.வி. பாத்தீங்களே, அண்ணா” என்றேன்.

“பாத்தேன். வசன காலண்டர் மாட்டின இடத்துல சொவுரு வேற கலர்ல இருக்கும், ரெண்டு காலண்டரும் ஒரே சைஸ் இல்ல. அதையும் பாத்தேன். மொத நாளே தெரியும் தம்பி. ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தெரியும்.”

“அப்பறம் ஏன்?”

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “எங்க அப்பனும் எங்க ஊர் டீக்கடையில தனி கிளாஸ்லதான் குடிச்சான். நாங்க மதம் மாறல. எங்களுக்குன்னு இருக்கறது அந்த ஒரு பட்டியல்தான். பதினோரு வருஷமா ரங்கன் எனக்கு முன்னாடி நிக்கறான். நம்ம ஜனந்தானே, கஷ்டப்பட்டவன்தானேன்னு இருந்தேன். தெரிஞ்சது தெரிஞ்சபடி இருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன். நீ எழுத்துல போட்டுட்ட. முப்பது பேர் முன்னாடி வாசிச்சிட்டாங்க. உங்க வீட்லேர்ந்து போன அந்த ஞாயித்துக்கெழம ராத்திரிதான் எம் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். கேட்டா, ‘இப்பவும் சும்மா இருந்தா உன்ன இன்னான்னு சொல்றது’ன்னு. நான் இன்னா பதில் சொல்லட்டும்?”

உள்ளேயிருந்து அம்சவேணி எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அழுதிருந்த முகம்.

“புகாரைத் திருப்பி வாங்க முடியாதா அண்ணா?”

“வாங்கினா ‘பொய்ப் புகார் குடுத்தியா’ன்னு எம் மேல வரும். நீயே ஒரு வழி சொல்லு, செய்யறேன்.”

அவர் சொன்னதில் தவறு எங்கே என்று வீடு வரும் வரை தேடினேன். அவரைக் கெட்டவர் என்று நினைக்க முடிந்தால் இந்த வாரம் கொஞ்சம் சுலபமாகப் போகும்.

6 செப்டம்பர், ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போனோம். அக்காள் எழவில்லை. லோயிஸ் அம்மா தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். அக்காள் தலையை அசைத்துவிட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் மாமா போதகரைத் தனியாகப் பார்த்தார். நானும் கூட நின்றேன். கலியாணப் பதிவேட்டைக் கேட்டு ஆள் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மாமா கேட்டார். போதகர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “நானா போய் ஒண்ணும் சொல்ல மாட்டேன் ஜீவரத்தினம். ஆனா எழுதிக் கேட்டா குடுக்காம இருக்க எனக்கு வழியில்ல,” என்றார். அப்படியானால் செவ்வாய்க்கிழமை நாங்கள் என்ன சொன்னாலும், ஒரு கடிதத்தில் எல்லாம் முடிந்துவிடும். வெளியே வந்தபோது மாமாவும் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு மாமா டி.வி.யைப் போட்டார். வீட்டு ஆட்களும் லோயிஸ் அம்மாவும் மட்டும். காலண்டரை மாற்றவில்லை. ஏழுமலையானே இருக்கட்டும், விசாரணை முடியும்வரை என்று மாமா சொல்லிவிட்டார்.

இன்று அவன் பிடிபட்டுவிட்டான். அவளை அழைத்து வந்து அவன் முன்னால் நிறுத்தி, இவன் யார் என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறாள். மறுபடி கேட்கிறார்கள். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்கிறாள். கண் கலங்கவில்லை. அவன் முகத்தில் ஒரு நிம்மதி. அதோடு இந்த வாரம் முடிந்தது.

“இன்னா கல்நெஞ்சுக்காரி,” என்று தொடங்கிய லோயிஸ் அம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்காள் எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தாள். இந்த வாரம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வக்கீல் குமாஸ்தா தெலுங்கில் எழுதிக் கொடுத்த இரண்டு வாக்குமூலங்களையும் நான் வாசித்துப் பொருள் சொன்னேன். அக்காளுடையது: ரங்கன் மனைவி பொன்னியம்மா ஆகிய நான் பிறப்பால் ஹிந்து, எங்கள் கலியாணம் ஊர்க் கோயிலில் நடந்தது, ஞானசௌந்தரி என்ற பெயரில் யாரையும் அறியேன். என்னுடையது: கட்டுரை முழுவதும் என் கற்பனை, ஜீவரத்தினம் என்று ஒருவர் இல்லை.

“அறியேன்னு இருக்கா?” என்று அக்காள் கேட்டாள்.

“இருக்குக்கா.”

“என்னையே எனக்குத் தெரியாதுன்னு சொல்லணும்.”

மாமா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். “வேணான்னா வுட்டுடு சௌந்தரி. போறது போவட்டும்,” என்றார். அந்தக் குரலில் பலமில்லை. நாற்பத்தோரு வயதில் வேலை போனால் எங்கே போவது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அக்காள் என் நோட்டில் ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னாள். அவள் இதுவரை அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டதில்லை. அலுவலகக் காகிதங்களில் எல்லாம் மாமாவே அவள் பெயரை எழுதிவிட்டார். ‘பொன்னியம்மா’ என்று எழுதிப் பார்த்தாள். ஒன்று பெரிதாக, ஒன்று சாய்ந்து. ஒவ்வொன்றும் வேறு ஆள் போட்டதுபோல இருந்தது. பதினாலாவது தடவை பழக்கத்தில் ‘ஞான’ என்று தொடங்கிவிட்டாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நேசா, அந்தக் கட்டுரையில என்னப் பத்தி இன்னா எழுதின?” என்று கேட்டாள்.

‘என் அக்காள் ஞானசௌந்தரி ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்’ என்ற வரியைச் சொன்னேன். ஹிந்தியில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையாட்டிவிட்டு மறுபடி பேனாவை எடுத்தாள்.

இப்போது மாலை ஆறு மணி. இரண்டாவது தாள் நிறைந்துவிட்டது. இன்னும் ஒன்றுபோல் வரவில்லை.

நாளை திங்கள். அச்சகத்தில் அரை நாள் லீவு கேட்க வேண்டும். ஒன்பதரைக்குள் ஸ்டாம்ப் பேப்பர் இரண்டு வாங்க வேண்டும். பத்து மணிக்கு அக்காளை நோட்டரியிடம் அழைத்துப் போக வேண்டும். அவள் கையெழுத்துப் போட்ட பிறகு அதன் கீழே சாட்சி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.